கணக்கை மட்டும் விட்டுவிட வேண்டாம்

அக்கா, மகள் மர ஆராய்ச்சியாளர் ஆக ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்களே, "தாத்தா கரும்புக்காட்டில் பட்டது போதாதா, இவள் மறுபடியும் காட்டுக்குப் போகணுமா" என்று, அதற்கு அப்புறம் வருகிறேன். பாம்பு, உண்ணி, தனியாகக் காட்டில் பொம்பளைப் பிள்ளை என்று நீங்கள் பயப்படுவதும் நியாயம்தான், ஆனால் களப்பணிக்குப் பொதுவாக யாரையும் தனியாக அனுப்புவதில்லை, குழுவாகத்தான் போவார்கள். என்னைத் திடுக்கிட வைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி: பதினோராம் வகுப்பில் கணக்கு கஷ்டமாக இருப்பதால் அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி பாடத்துக்கு மாற்றிவிடலாமா என்று பார்க்கிறீர்கள்.

மாற்றாதீர்கள். மாற்றினால் இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக்கில், அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில், எவ்வளவு நல்ல மதிப்பெண் வந்தாலும் பி.எஸ்சி. பக்கம் போக முடியாது. டியூஷன் வைத்தாவது கணக்கைத் தக்க வைத்துக்கொள்ளுங்கள், கூடவே உயிரியலும் இயற்பியல்-வேதியியலும் இருக்கட்டும்.

மரத்துக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்றால், இந்த வேலையே கணக்குதான். ஒரு காட்டில் சின்ன நிலத்துண்டு ஒன்றைக் குறித்து, அதிலிருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் போட்டு, தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளப்பார்கள். சரிவான இடமென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்துதான் அந்த 1.3 மீட்டர். அளந்த இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிடுவார்கள், ஏனென்றால் அடுத்த தடவை வருகிறவர் கொஞ்சம் மேலேயோ கீழேயோ அளந்தால் மரம் வளர்ந்ததா, அளந்தவர் கை மாறியதா என்று தெரியாமல் போகும். இப்படிப் பல வருடம் சேர்ந்த எண்களை வைத்து எது வளர்கிறது, எது சாகிறது, எந்த இனம் குறைகிறது என்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புள்ளியியல் போட வேண்டும். காட்டில் இருப்பதைவிட மேஜையில் இருக்கும் நாட்கள்தான் அதிகம், இதை மகளிடமும் சொல்லிவிடுங்கள்.

சரி, வேலை இருக்கிறதா? தென்னாப்பிரிக்காவில் இயற்கைக் காடு மொத்த நிலத்தில் அரை சதவீதம்கூடக் கிடையாது. ஆனால் யூகலிப்டஸ், பைன், வாட்டில் மரங்களை நட்டு வளர்க்கும் தோட்டக்காடுகள் சுமார் 12 லட்சம் ஹெக்டேர் இருக்கின்றன, சம்பளம் தருகிற வேலையில் பெரும்பங்கு அங்கேதான். யூகலிப்டஸில் பல இடங்களில் ஒரே மரத்தின் நகல்களையே வரிசையாக நடுகிறார்கள், அதனால் ஒரு பூச்சிக்கு ஒரு மரம் பிடித்துப்போனால் பக்கத்து மரமும் பிடித்துப்போகும். மர ஆரோக்கியம் படித்தவர்களுக்கு இங்கே தேவை இருப்பது இதனால்தான். தெருவோர மரங்களுக்கும் ஆபத்து வந்துவிட்டது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த எள்ளளவு வண்டு ஒன்றை 2017-ல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்தில் பிளேன் என்ற நிழல் மரங்களில் அடையாளம் கண்டார்கள். அது மரத்தைத் துளைத்து உள்ளே பூஞ்சை வளர்க்கிறது, அந்தப் பூஞ்சை மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்துவிடுகிறது. அப்புறம் ஜோகன்னஸ்பர்க், ஜார்ஜ் நகரங்கள் வரை கண்டுபிடித்துவிட்டார்கள். வண்டு இருக்கும் விறகை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாலே போதும், பரவிவிடும். பிராய்க்கு, அதாவது வெளியில் இறைச்சி சுட, விறகு வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பட்டத்தோடு ஆராய்ச்சியாளர் ஆக முடியாது. பட்டத்துக்கு மேல் ஒரு வருட ஆனர்ஸ், பிறகு எம்.எஸ்சி. வரை போக வேண்டும், ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்த வேலைகள். இருபத்திரண்டு வயதில் சம்பளம் வந்தே ஆக வேண்டிய வீடென்றால் இது சரிப்படாது, அதை இப்போதே பேசிவிடுங்கள். பட்டப்படிப்புக்கு வீட்டு வருமானத்தைப் பொறுத்து என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் உதவி இருக்கிறது, மேற்படிப்புக்கு தேசிய ஆராய்ச்சி அமைப்பான என்.ஆர்.எஃப். நிதி இருக்கிறது. நிறுவனங்கள் தரும் உதவித்தொகையில் படித்த வருடங்களுக்கு ஈடாக அவர்களிடமே வேலை செய்யச் சொல்லும் நிபந்தனை இருக்கலாம், கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள்.

எங்கே படிப்பது? ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் நாலு வருட வனவியல் பட்டம் இருக்கிறது. ஜார்ஜில் நெல்சன் மண்டேலா பல்கலைக்கழக வளாகத்தில் டிப்ளமோ இருக்கிறது, அது காட்டை நிர்வகிக்கும் வேலைக்கு அருமையானது. பாதியில் மனம் மாறினால் என்ன என்று கேட்டீர்களே, அதற்கு என் யோசனை, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பொதுவான உயிரியல் பி.எஸ்சி. சேர்ந்துவிட்டு, பிடித்தால் மேற்படிப்புக்கு பிரிட்டோரியாவில் இருக்கும் ஃபாபி நிறுவனத்துக்குப் போகலாம், மர நோய் ஆராய்ச்சியில் அதற்கு உலகப் பெயர். பிடிக்காவிட்டாலும் பட்டம் கையில் இருக்கும்.

இனி உங்கள் வீட்டுக்காரருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு டர்பன் தாவரவியல் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் பனை போல் தோன்றும் உட்ஸ் சைக்காட் மரத்தைக் காட்டுங்கள். 1895-ல் ஓங்கோயே காட்டில் ஒரே ஒரு ஆண் செடிக் கூட்டமாகக் கிடைத்தது, பெண் செடி இன்றுவரை கிடைக்கவில்லை, உலகத் தோட்டங்களில் இருப்பதெல்லாம் அதன் பக்கக்கன்றுகள். இப்படிப்பட்ட இனத்தைக் காப்பாற்றுவதும் மர ஆராய்ச்சிதான், மகள் படிக்க நினைப்பது மண்வெட்டி வேலை இல்லை என்று அவருக்கே புரியும்.

உங்களுக்குப் பக்கத்தில் வனவியல் ஆராய்ச்சி செய்யும் இடம் எது இருக்கிறது என்று பாருங்கள். விடுமுறையில் சில நாள் கூட இருந்து பார்க்கலாமா என்று மகளையே கேட்டு எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம். அதற்குள் முற்றத்து மாமரத்தை மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் குறிக்கட்டும், தையல் டேப் இழுத்தால் நீளும், வேறு வாங்கிக் கொடுங்கள். நாலாவது மாதம் நீங்கள் நினைவுபடுத்தாமல் அளக்கிறாளா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.