பாதியில் நின்ற படிப்பைத் தொடர்வோருக்கான பண உதவி: கேள்வி-பதில்

திருமணத்தால் நின்றுபோன படிப்பை முப்பத்தாறு வயதில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகத் தொடர விரும்புகிறேன். புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எனக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட அத்திட்டம், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து, கல்லூரிக்கு நேரில் சென்று பயிலும் மாணவியருக்கானது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டனர். தொலைநிலை, திறந்தநிலைக் கல்விக்கு அது பொருந்தாது. ஆனால் நீங்கள் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய அரசின் கல்வி உதவித்தொகையில் பாடக்கட்டணத்தைத் திரும்பப் பெற வழியுண்டு. வருமானச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சேர்க்கை முடிந்த பிறகு அதற்காக அலைந்து விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே பி.ஏ. முடித்திருக்கிறேன். இப்போது பி.காம். படித்தால் அதே உதவித்தொகை வருமா?

வராது. ஒரே நிலையில் மற்றொரு பட்டம் படிப்பதை விதி ஏற்பதில்லை. முதுகலையில் சேர்ந்தால் விண்ணப்பிக்கலாம்.

உதவித்தொகை அனுப்பப்பட்டுவிட்டதாகக் கல்லூரியில் சொல்கிறார்கள். என் வங்கிக் கணக்கிலோ ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. யாரைக் கேட்பது?

முதலில் உங்கள் ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். வங்கியில் அடையாளச் சான்றாக ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு; அரசுப் பணம் வந்து சேர வேண்டிய கணக்கு இதுதான் என்று தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் பதிவேட்டில் ஏறியிருப்பது வேறு. ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்குக்குப் போகாமல், அந்தப் பதிவேட்டில் கடைசியாக இணைக்கப்பட்ட கணக்குக்கே போகும். எரிவாயு மானியத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ எப்போதோ தொடங்கி மறந்துபோன பழைய கணக்கில் பணம் கிடப்பது, பல ஆண்டுகள் கழித்துப் படிக்க வருகிறவர்களிடம் அடிக்கடி நேர்வது. பள்ளி முடித்து நேரே வரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஒரே கணக்குதான் இருக்கும். ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணையும் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் இட்டால் எந்த வங்கி என்பது தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமானால், பணம் வர வேண்டிய வங்கியில் ஆதார் இணைப்புக்கான ஒப்புதல் படிவம் கொடுங்கள். இதற்கு இடைத்தரகர் எவருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

நான் பட்டம் பெற்றுவிட்டால், பிளஸ் டூ படிக்கும் என் மகளுக்கு முதல் பட்டதாரி சலுகை போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான், எழுதவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் எவரும் பட்டதாரியாக இல்லாத மாணவருக்கே அந்தச் சான்றிதழ் கிடைக்கும். ஆயினும் இரண்டு செய்திகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேர்பவர்களுக்கானது. மகள் கலை, அறிவியல் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்து, 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் பெற்றால், முதல் பட்டதாரியோ இல்லையோ, கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. உங்கள் பட்டம் அவர் கல்லூரியில் சேர்ந்த பிறகே கைக்கு வருமா என்பதையும் ஆண்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தாயின் படிப்பையும் மகளின் படிப்பையும் எதிரெதிரே நிறுத்தும் இந்த விதி திருத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அதற்காக நீங்கள் படிப்பைக் கைவிட வேண்டியதில்லை.

நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது, அடமானம் வைக்கச் சொத்தும் இல்லை என்று சொல்லி வங்கியில் கல்விக்கடன் மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் மாணவருக்கு உச்ச வயது எதையும் விதிக்கவில்லை. அதன்படி 4 லட்சம் ரூபாய் வரை கைப்பணம் போடத் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையும் தேவையில்லை. மணமானவருக்குப் பெற்றோர்தான் இணைக் கடன்தாரராக வர வேண்டும் என்பதில்லை. கணவன் அல்லது மனைவி, மாமனார், மாமியார் ஆகியோரும் கையெழுத்திடலாம். வாய்மொழி மறுப்போடு வீடு திரும்பாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் பதிந்து, மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தருமாறு கேளுங்கள். ஒரு கல்விக்கடனை நிராகரிக்க, கிளை மேலாளர் தமக்கு மேலுள்ள அதிகாரியின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அத்திட்டத்திலேயே உள்ள நெறி. படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், அந்நாட்களில் வட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே, கல்லூரியில் சேர்வதற்கு முன்பே வட்டி மானியத்துக்கு நீங்களும் உங்கள் கல்லூரியும் தகுதி பெறுகிறீர்களா என்பதை அதே வங்கியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.