மலை ஏரியில் படகு எழும்பவில்லை என்றால் இன்ஜினை விற்காதீர்கள்

தம்பி, வணக்கம். பெற்றோரைப் பார்க்க மதுரைக்கு வந்திருக்கிறேன்; அதனால்தான் பதில் தாமதம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் குடியேறி, 115 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜினோடு (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) 18 அடிப் பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். அந்த ஊர்ப் பக்கத்து டெல்டாவின் ஆற்றுக் கால்வாய்களில் பறந்த படகு, திருமங்கலத்திலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு டாஹோ ஏரிக்குப் போனதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழன்றதே தவிர, நீர்மேல் எழும்பி ஓடவில்லை. இன்ஜின் போய்விட்டது, பெரியதாக மாற்றுங்கள் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். விற்றுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விற்காதீர்கள். நீங்கள் எழுதிய எண்களைப் பார்த்தால் இன்ஜினில் கோளாறு எதுவும் தெரியவில்லை. மாற்ற வேண்டியது புரொப்பல்லரை, அதாவது நீரைத் தள்ளிப் படகை ஓட்டும் சுழல் விசிறியை.

டாஹோ ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 6,225 அடி உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஏரியைவிடக் கொஞ்சம்தான் தாழ்வு. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கி, தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து விட்டார். கடலோரத்துப் படகு மலைக்கு வந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் இன்ஜின் இல்லை. பெட்ரோல் இன்ஜினுக்கோ காற்றுதான் பாதி உணவு. மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ போன்ற துணை இல்லாத இன்ஜின், ஏறும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் தோராயமாக 3 சதவீதத் திறனை இழக்கிறது. உங்கள் 115, டாஹோவில் 95க்கும் கீழே வந்துவிடும். கோடை மதிய வெயிலில் காற்று இன்னும் லேசாகி, மேலும் கொஞ்சம் போய்விடும். உங்களுடையது எரிபொருளைத் தானே அளந்து தெளிக்கும் ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் கலவை தானாகவே சரியாகிவிடும். ஆனால் அங்கே இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இப்போது புரொப்பல்லருக்கு வருகிறேன். உங்களுடையதில் பொறித்திருக்கும் 19 என்ற எண் அதன் பிட்ச். ஒரு சுற்றுச் சுற்றினால், வழுக்கல் இல்லையென்று வைத்துக்கொண்டால், 19 அங்குலம் முன்னேறும் என்று பொருள். முழுத் திறன் இருக்கும்போது அந்தப் பாய்ச்சலை இன்ஜின் தாங்கும். திறன் குறைந்த பிறகும் அதே 19ஐத் தள்ளச் சொல்வது, வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் பஸ்ஸை டாப் கியரிலேயே ஓட்டச் சொல்வது போல. முக்கும், ஏறாது. வேகம் குறைவதோடு இது நிற்பதில்லை. த்ராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் பிடியை, முழுக்கத் திறந்தும் சுற்று ஏறாமல் மணிக்கணக்கில் ஓட்டினால் சூடு கூடும், கரி படியும், பிஸ்டன் வரைக்கும் சேதம் போகலாம். அப்போது பட்டறைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

உங்கள் கையேடு, முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று இருக்க வேண்டும் என்கிறது. டெல்டாவில் 5,400 காட்டியது, டாஹோவில் 4,800தான் காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறைக்காரர் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று ஏறும். 17க்கு இறங்கினால் 5,200ஐ எட்டுவதே அதிகம். 15க்கு இறங்கினால் 5,400க்கும் 5,600க்கும் நடுவில் நிற்கும். தனியாக மீன்பிடிக்கப் போகிறவருக்கு 17 போதும் என்பேன். குடும்பத்தோடு, நிறைந்த டேங்கோடு போகிற உங்களுக்கு 15தான். கடல்மட்டத்து வேகம் திரும்பி வராது, அதை எதிர்பார்க்க வேண்டாம். படகு எழும்பும், இன்ஜின் திணறாது.

நான்கு இறக்கை உள்ள புரொப்பல்லர் வாங்கலாமா என்றும் கேட்டீர்கள். சுமையோடு எழும்ப அது உதவும். ஆனால் அதே பிட்சில் மூன்று இறக்கையைவிடச் சுற்று சற்றுக் குறையும். முதலில் மூன்று இறக்கை அலுமினியத்தில் 15 வாங்குங்கள். எஃகைவிட விலை குறைவு. பாறையில் பட்டால் இறக்கை வளைந்துபோகும், உள்ளே கியர் தப்பிக்க வாய்ப்பு அதிகம். சோதித்துப் பார்த்துவிட்டு, கீறல் இல்லாமல் இருந்தால் மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டுவது வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை. கியரை நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்து, பேட்டரி இணைப்பையும் துண்டித்துவிடுங்கள். இறக்கைக்கும் அதன் மேலே இருக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தால் சுழலாது. நட்டு கழன்றுவிடாமல் பூட்டியிருக்கும் கம்பிப் பின்னை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றுங்கள். வாஷர்கள் வந்த வரிசையில் ஒரு துணியில் அடுக்கி வையுங்கள். தண்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் தடித்த வாஷரை மறந்துவிட்டால் புரொப்பல்லர் உள்ளே போய் உராயும். தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது எண்ணெய் சீலை அறுத்துவிடும். பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதைத் தடவி மாட்டுங்கள். அந்தக் கம்பிப் பின் மட்டும் எப்போதும் புதியதாக இருக்கட்டும்.

பழைய 19ஐத் தூக்கிப் போடாதீர்கள். 15ஐ மாட்டியபடியே டெல்டாவில் முழு வேகம் கொடுத்தால் சுற்று 6,000ஐத் தாண்டும்; அதுவும் இன்ஜினுக்கு ஆகாது. மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று.

இதெல்லாம் தெரியவில்லையே என்று வருந்தி எழுதியிருந்தீர்கள். அங்கே பிறந்தவர்களுக்கு அப்பாவும் தாத்தாவும் கராஜில் சொல்லிக்கொடுத்த விஷயம் இது. நாம் பார்த்தது வைகையின் மணலும், வண்டியூர் தெப்பக்குளத்தில் கயிறு கட்டி இழுக்கும் தெப்பமும். தயங்காமல் கேளுங்கள், படகுத்துறையில் நிற்கும் முதியவர்களிடமும் கேளுங்கள். சொல்லித்தருவதில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

டாஹோவில் இறக்குமுன் படகைச் சோதனை செய்வார்கள், வெளியூர் நீர்வாழ் உயிரினங்கள் ஒட்டி வரக்கூடாது என்பதற்காக. கழுவி, நீரை வடித்து, காயவைத்துக் கொண்டுபோங்கள். பிற்பகலில் காற்று எழும்பி அலை அடிக்கும் ஏரி அது, காலையிலேயே போய்விடுங்கள். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் லைஃப் ஜாக்கெட் அணிவது சட்டம். சேலைக்கு மேல் எதற்கு என்று அம்மா மறுப்பார்கள். விடாதீர்கள், அந்தத் தண்ணீரின் குளிர் வைகை அறியாதது.

புதியதை மாட்டியதும் டாஹோவில் வழக்கமான சுமையோடு, காற்றுக்கு எதிரே ஒரு முறை, காற்றோடு ஒரு முறை முழு த்ராட்டிலில் ஓட்டி, சுற்றை அளக்கும் டேக்கோமீட்டர் காட்டும் எண்ணை எனக்கு எழுதுங்கள். 5,200க்குக் கீழே நின்றால் ஸ்பார்க் பிளக்கும் எரிபொருள் ஃபில்டரும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.