பனிக்குட நீரை ஊசியில் எடுத்துப் பார்க்கணுமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். 32 வாரக் கர்ப்பம், ஸ்கேனில் குழந்தை 1.4 கிலோ, வாரத்துக்குச் சிறியதாம், பனிக்குட நீர் அளவு (ஸ்கேன் தாளில் AFI) 7 சென்டிமீட்டர். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், ஊசி போட்டு நீரை எடுத்து அதிலுள்ள புரதங்களைச் சோதித்தால் குழந்தை ஏன் வளரவில்லை என்று தெரிந்துவிடும் என்று பேக்கேஜ் விலை பேசுகிறாராம்.

வேண்டாம். அந்தப் புரதங்களை ஆராய்ச்சியில் பார்க்கிறார்கள், சரி. ஆனால் அதை வைத்து யாரும் பிரசவத் தேதியை முடிவு செய்வதில்லை. 32 வாரத்தில் வயிற்றுக்குள் ஊசி போனால் பனிக்குடம் உடையவும் வலி எடுக்கவும் வாய்ப்புண்டு. இந்த ஏஜென்ட்கள் அதைச் சொல்லமாட்டார்கள், கமிஷன் போய்விடுமே. கூடவே நீரை ஏற்றும் பவுடர் ஒன்றும் தலையில் கட்டுவார்கள். அதுவும் வேண்டாம்.

உங்கள் 7 குறைவில்லை, 5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால்தான் குறைவு. இந்த நீர் பெரும்பாலும் குழந்தையின் சிறுநீர். நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாவிட்டால் குழந்தை ரத்தத்தை மூளைக்குத் திருப்பிக்கொள்ளும், சிறுநீரகத்துக்குப் போவது குறையும், நீரும் வற்றும். அதனால் நீரின் ரசாயனத்தைவிட அளவுதான் பேசும். அதோடு தொப்புள்கொடி டாப்ளர், அதாவது கொடியில் ரத்த ஓட்டம் காட்டும் ஸ்கேன், பார்த்தார்களா என்று கேளுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி எடை பாருங்கள். ஸ்கேன் எடை நூற்றுக்குப் பத்துப் பதினைந்து முன்னே பின்னே போகும், ஒரே ஸ்கேனை வைத்து அழ வேண்டாம்.

ஊசி தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. குழந்தை மிகச் சிறியதாக இருந்து, அது 24 வாரத்துக்கு முன்பே தெரிந்தாலோ, கூடவே உறுப்புக் குறை இருந்தாலோ, குரோமோசோம் கோளாறா, சைட்டோமெகலோ வைரஸ் தொற்றா என்று பார்க்க நீர் எடுப்போம். அப்போதும் குழந்தையை ஸ்கேனில் முழுசாகப் பார்த்துவிட்டு, முடிவு வந்தால் என்ன செய்யப் போகிறோம் என்று பேசிய பிறகுதான். உங்களுக்கு அது பொருந்தாது.

இன்னொன்று, பிங்க் புத்தகத்தில் (கர்ப்பப் பரிசோதனைப் பதிவுப் புத்தகம்) எழுதிய பிரசவத் தேதி எதை வைத்து என்று பாருங்கள். கடைசி மாதவிடாயை வைத்தா, முதல் மூன்று மாத ஸ்கேனை வைத்தா? தனியார் கிளினிக் ஸ்கேன் தாள் ஒரு பக்கம், கிளினிக் கெசிஹத்தான் (அரசு சுகாதார கிளினிக்) கணக்கு ஒரு பக்கம். இரண்டையும் ஒட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, வாரக் கணக்கு தப்பினால் நல்ல குழந்தையும் சிறியதாகிவிடும். பழைய ஸ்கேன் தாள்களை நீங்களே கொண்டுபோய் மிஸ்ஸி (நர்ஸ்) மேசையில் வையுங்கள்.

அசைவை எண்ணுங்கள். 12 மணி நேரத்தில் 10 வரவில்லை, இல்லை வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றுகிறது என்றால், நடுராத்திரியானாலும் நேரே ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுக்குப் போங்கள்.