மருந்துக்குச் சாகாத புல் – கடிதம்

வணக்கம் ஐயா,

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்தவன். முன்பெல்லாம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் சம்பாவ் புல் கருகிவிடும், அப்புறம் எத்தனை அடித்தும் நிமிர்ந்து நின்றது. பரிணாமத்துக்கு லட்சக்கணக்கான வருடம் வேண்டும் என்றார்களே? மாற்றம் திடீரென்றுதான் வரும், கூல்ட் என்பவர் டார்வினைத் தோற்கடித்துவிட்டார் என்கிறான் பேரன். அப்படியானால் கடலோரத்துப் பெலாங்காஸ் (குதிரைலாட நண்டு) ஏன் மாறவே இல்லை? வேறு மருந்து வாங்கட்டுமா என்றும் கேட்கிறான்.

முனியாண்டி

அன்புள்ள முனியாண்டி ஐயா,

நீங்கள் பார்த்தது பரிணாமம்தான். கிளைபோசேட்டுக்குச் சாகாத சம்பாவ் முதலில் பதிவானதே 1997-ல், உங்கள் தெலுக் இந்தானில், ஒரு பழத்தோட்டத்தில். மருந்து தாக்கும் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது. அந்த மாற்றத்தை மருந்து உண்டாக்கவில்லை. எங்கோ ஒன்றிரண்டு செடியில் இருந்ததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கொன்றது, தப்பித்தது ஆயிரக்கணக்கில் விதை போட்டது, அவ்வளவுதான்.

ஆனால் இதை வைத்து கூல்ட் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. அது இன்னும் அதே சம்பாவ் புல், புது இனம் இல்லை. புதைபடிவ ஆய்வாளர்களான எல்ட்ரெட்ஜும் கூல்டும் 1972-ல் பேசியது புதைபடிவங்களைப் பற்றி: ஓர் இனம் பல லட்சம் வருடம் ஏறக்குறைய அப்படியே கிடக்கும், புது இனம் கிளை பிரியும்போதுதான் மாற்றம் குவியும் என்றார்கள். அவர்களுடைய 'சட்டென்று' பாறை அடுக்குகளின் காலக் கணக்கு, நம் கணக்கில் பல ஆயிரம் வருடம். டார்வினே தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் பிந்தைய பதிப்புகளில், இனங்கள் மாறும் காலம் மாறாமல் இருக்கும் காலத்தைவிடக் குறைவாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார், சண்டை மூட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை போலிருக்கிறது.

எனக்குப் பெரிய புதிர் பெலாங்காஸ்தான். சுமார் 44 கோடி வருடத்துக்கு முந்தைய புதைபடிவத்திலேயே அந்த லாட வடிவம் இருக்கிறது (இனம் வேறு, உள்ளே மரபணுவும் மாறாமல் இருந்திருக்காது). மாற்றமே நடக்காததால்தான் ஓர் உருவம் நிலைக்கிறது என்று நினைக்க வேண்டாம். கலபாகோஸின் டாஃப்னி மேஜர் தீவில் உயிரியலாளர்களான கிராண்ட் தம்பதியர் குருவிகளை வருடக்கணக்காக அளந்தார்கள். 1977 வறட்சியில் சின்ன விதை தீர்ந்தது, பெரிய விதையை உடைக்கத் தெரிந்த தடித்த அலகுக்காரர்கள் பிழைத்தார்கள், அடுத்த தலைமுறைக்கு அலகு தடித்தது. 1983 பெருமழைக்குப் பின் சின்ன விதை பெருகியது, யோகம் சின்ன அலகுக்குப் போனது. வருடா வருடம் பார்த்தால் ஓட்டம். ஏற்றமும் இறக்கமும் கழிந்துபோனால் லட்சம் வருடக் கணக்கில் நின்ற இடம்தான். எல்லா நிலைப்புக்கும் இதுதான் காரணமா என்பதில் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை.

சரி, பேரன் விஷயம். மலேசியாவில் இதே புல் பாராகுவாட்டுக்கும் குளுஃபோசினேட்டுக்கும்கூட சாகாமல் நின்றிருக்கிறது. மருந்தை மாற்றி மாற்றி அடிக்கட்டும், தப்பித்த செடியை விதை கட்டுமுன் கையால் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.