ஜூலைல போனா கிறிஸ்துமஸ் இருக்குமா?

கேள்வி: மகள் அமெரிக்காவுல லூயிவில்ல இருக்கா. ஜூன், ஜூலை ரெண்டு மாசமும் அங்கதான் இருப்போம். பக்கத்துல இண்டியானால ‘சாண்டா கிளாஸ்’னே ஒரு ஊர் இருக்காம், வருஷம் பூரா கிறிஸ்துமஸ்தானாம். வேகுற வெயில்ல அங்க போயி என்னத்த பாக்க, டிக்கெட்ட டிசம்பருக்கு மாத்துன்னு வீட்டுக்காரர் ஒரே பிடிவாதம். என்ன பண்ணலாம்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: மாத்தாதீங்கக்கா, ஜூலைலயே போங்க. வேடிக்கை என்னன்னா, அந்த ஊர்ல கூட்டம் அள்ளுற ஹாலிடே வேர்ல்டு பார்க் டிசம்பர்ல பூட்டித்தான் கிடக்கும், சீசனே மே மாசம்தான் ஆரம்பிக்குது. ஊர் பேரை நம்பி வந்த பிள்ளைங்க சாண்டாவைக் காணோம்னு ஏமாந்து போகுதேன்னு ஒரு தொழிலதிபர் 1946ல ‘சாண்டா கிளாஸ் லேண்ட்’னு இதைத் திறந்தாரு, அதுவும் ஆகஸ்ட்ல! 1984ல பேரை மாத்தி ஹாலோவீன், ஜூலை 4 (அவங்க சுதந்திர தினம்) எல்லாத்தையும் சேத்துக்கிட்டாங்க. வாட்டர் பார்க்குக்கும் சேத்து ஒரே டிக்கெட், கூல்ட்ரிங்ஸ் எவ்ளோ குடிச்சாலும் ஃப்ரீ. (இங்க கேட்லயே தண்ணி பாட்டிலைப் புடுங்கி வச்சுக்கிறாங்க, அதை நினைச்சா வயிறு எரியுது.)

ஊர்னு பாத்தா சின்னதுதான், ரெண்டாயிரத்து ஐநூறு பேர் சொச்சம். ‘சாண்டா ஃபே’னு பேர் வைக்கத்தான் நினைச்சாங்க, அந்தப் பேர்ல ஏற்கெனவே ஒரு ஊர் இருக்குன்னு தபால்காரங்க ஒத்துக்கல, அதனால 1856ல சாண்டா கிளாஸ் ஆயிடுச்சு. தெருப் பேர்கூட கிறிஸ்துமஸ் பூல்வார்டுன்னுதான் இருக்கும், 1935ல வச்ச 22 அடி சாண்டா சிலை இருக்கு, போட்டோ எடுத்துக்கோங்க. எனக்குப் பிடிச்சது போஸ்ட் ஆபீஸ்தான். பேரன் பேத்திக்கு அங்கருந்து ஒரு கார்டு போடுங்க, ஊர் பேரோட முத்திரை குத்தி வரும். படம் போட்ட ஸ்பெஷல் முத்திரை மட்டும் டிசம்பர்லதான், அதுக்காக வேணா வீட்டுக்காரர் பேச்சைக் கேக்கலாம். சாண்டாவுக்குப் பிள்ளைங்க எழுதுற லெட்டருக்கு ஊர்க்காரங்களே உக்காந்து பதில் போடுறாங்க, காசு வாங்காம, வருஷா வருஷம்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, லூயிவில் நேரத்துக்கு அந்த ஊர் ஒரு மணி நேரம் பின்னாடி, காலைல சீக்கிரமே போயி கேட் முன்னாடி நிக்காதீங்க. ராட்டினம், கோஸ்டர் எல்லாம் வீட்டுக்காரருக்கு ஒத்துக்காதுன்னா கொஞ்ச தூரத்துலயே ஆபிரகாம் லிங்கன் 7 வயசுலருந்து 21 வயசு வரைக்கும் வளந்த இடம் இருக்கு, நல்ல மர நிழல், அங்க விட்டுட்டு நீங்க பார்க்குக்குப் போங்க.