இந்தியா, இலங்கை, மாலத்தீவு கடல் எல்லைகள் மூன்றும் சந்திக்கும் இடத்தை மேப்பில் சரியாகக் குறிப்பது எப்படி?

கேள்வியின் சாரம்: மூன்று நாட்டுக் கடல் எல்லையும் கூடும் புள்ளி எது? இரண்டு தளங்களில் தேடினால் அரை கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்கள் வருகின்றன. எது சரி?

அந்தப் புள்ளிக்கு உடன்படிக்கையிலேயே பெயர் இருக்கிறது: டி. 1976 ஜூலையில் மூன்று அரசுகளும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அதன் இடத்தை வடக்கு 04° 47'.04, கிழக்கு 77° 01'.40 என்று தருகிறது. கூகுள் மேப் தேடல் பெட்டியில் 4.784, 77.02333 என்று அடியுங்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே, நடுக்கடலில் பின் விழும்.

உங்களுக்கு வந்த அரை கிலோமீட்டர் வித்தியாசம் அந்த '.40' என்பதைப் படிப்பதில் வருவது. நிமிடக் குறிக்குப் பிறகு புள்ளி வைத்து எழுதியிருப்பதால் அது 1.40 நிமிடம்; 60-ஆல் வகுத்தால் 0.02333 டிகிரி. பலர் அதை 1 நிமிடம் 40 விநாடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது 77.02778 வரும், பின் கிழக்கே ஏறக்குறைய 490 மீட்டர் தள்ளிப் போகும். அட்சரேகையிலும் இதே தவறுதான், ஆனால் அங்கே 50 மீட்டர்தான் விலகும் என்பதால் கண்ணில் படாது. ஒரு தளத்தில் 4.78444, 77.02778 என்று இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இன்னும் சிலர் நிமிடத்தை மாற்றாமல் 4.4704 என்று அப்படியே அடித்துவிடுவார்கள். அது 35 கிலோமீட்டர் பிழை.

எண்ணை அடித்தால் மட்டும் போதாது, அளந்தும் பாருங்கள். டி என்பது மூன்று நாட்டுக் கரைகளின் மிக அருகிலுள்ள இடங்களிலிருந்து சம தூரத்தில் இருக்கும் புள்ளி என்றுதான் உடன்படிக்கை சொல்கிறது. மேப்பில் தூரம் அளக்கும் கருவியை எடுத்துக் கன்னியாகுமரி முனையிலிருந்து இழுத்தால் சுமார் 370 கி.மீ., அதாவது கிட்டத்தட்ட 200 கடல் மைல். இலங்கையில் கொழும்பிலிருந்து அளந்தால் 390 கி.மீ.க்கு மேல் வரும். மாலேயிலிருந்து அளந்தால் 395 கி.மீ. வரும். 'சம தூரம் என்றார்களே, தப்பாக இருக்கிறதே' என்று பலர் முடிவு கட்டுவது இங்கேதான். தலைநகரிலிருந்து அளக்கக் கூடாது, புள்ளிக்கு மிக அருகிலுள்ள கரையிலிருந்து அளக்க வேண்டும். இலங்கைக்கு அது தென்மேற்குக் கரையில் அம்பலாங்கொடை, ஹிக்கடுவை பக்கம். மாலத்தீவுக்கு மாலே பவளத்தீவுக் கூட்டத்தின் கிழக்கு ஓரத்திலுள்ள திஃபுஷி. அங்கிருந்து இழுங்கள், இரண்டுமே 370-ஐ ஒட்டி வரும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். மேப்பில் நீங்கள் கரை என்று தொடும் இடமும் நீர் வற்றும்போது தெரியும் கரையும் ஒன்றல்ல. அதோடு உடன்படிக்கை எண்ணும் இன்றைய ஜிபிஎஸ் எண்ணும் ஒரே அளவைக் கணக்கில் போட்டவையும் அல்ல.

இந்த இரண்டாவது காரணம் முக்கியமானது. ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அளவை முறை வந்தது 1984-இல். இந்த எண்கள் 1976-இல் எழுதியவை. பழைய இந்திய நில அளவை வரைபடங்களின் எவரெஸ்ட் முறைக்கும் டபிள்யூஜிஎஸ் 84-க்கும் உள்ள வித்தியாசமே நூறு மீட்டரைத் தாண்டும். 0.01 நிமிடம் என்பது 18.5 மீட்டர்தான் என்றாலும், அந்தத் துல்லியம் காகிதத்தில் மட்டுமே. இந்தியாவும் இலங்கையும் 1976 மார்ச்சில் செய்த உடன்படிக்கை, எல்லைப் புள்ளிகள் கடலில் சரியாக எங்கே விழும் என்பதை இரு தரப்பு நில அளவையாளர்களும் ஒப்புக்கொள்ளும் முறையில்தான் தீர்மானிக்க வேண்டும் என்று தனியாகவே சொல்கிறது. அதனால் மீட்டர் கணக்கில் 'இதுதான் புள்ளி' என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். சில நூறு மீட்டருக்குள் என்றால் நேர்மையான பதில்.

மூன்று கோடுகளையும் வரைய நினைத்தால் வரிசை இது. மார்ச் உடன்படிக்கை மன்னார் வளைகுடாக் கோட்டை 13எம் என்ற புள்ளியோடு நிறுத்தியது (5.0, 77.17667). அதற்குத் தெற்கே மாலத்தீவைக் கேட்காமல் இருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. ஜூலையில் டி முடிவானதும், நவம்பர் 22-இல் 13எம்-மிலிருந்து டி வரை கோட்டை நீட்டினார்கள். சுமார் 29 கி.மீ. டிசம்பர் 28-இல் இந்தியாவும் மாலத்தீவும் டி-யில் தொடங்கி, லட்சத்தீவின் மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவே மேற்கே போகும் கோட்டை ஒப்புக்கொண்டன. இலங்கை–மாலத்தீவு கோடு எங்கே என்று தேடினால் ஏறக்குறைய எதுவும் இருக்காது. டி-யே மூன்று கரைகளிலிருந்தும் 200 கடல் மைல் என்பதால், அதைத் தாண்டித் தெற்கு–தென்கிழக்கே சற்றுப் போனாலே இருவரின் பொருளாதார மண்டலமும் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன்பிடி உரிமை உள்ள பகுதி) முடிந்து திறந்த கடல் தொடங்கிவிடும். இந்தப் புள்ளியின் அழகே அதுதான் என்பேன்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதைத் தேட வேண்டாம். அங்கே கடலில் தெரியும் கோடு, கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான ஆட்சிக் கடலின் எல்லை. டி அதிலிருந்து வெகு தூரம்.

படகில் ஜிபிஎஸ்ஸில் ஏற்றுவதானால், முதலில் அமைப்பில் டிகிரி–தசம நிமிட வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 04° 47.040, 077° 01.400 என்று போடுங்கள். சுழியம் கடைசியில்தான் வர வேண்டும், 01.040 என்று போட்டால் 660 மீட்டருக்கு மேல் மேற்கே போய்விடும். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் படகுகள் போல நீண்ட தூண்டில் கயிறு விடுகிறவர்கள் படகு நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது. மணிக்கு 1 கடல் மைல் நீரோட்டம் இருந்தால், இரவு 8 மணி நேரத்தில் கயிறு 8 கடல் மைல் நகர்ந்திருக்கும். கயிறு விடுமுன் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதன் நீளத்தையும் இரவு நகர்வையும் கூட்டி, அவ்வளவு தூரம் கோட்டுக்கு உள்ளே நின்று விடுங்கள்.