வேர் உட்பூசணம் இட்டால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தைக் குறைக்கலாமா?

குறைக்கலாம், அடியோடு நிறுத்திவிட முடியாது. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்துவிட்டால், அப்பால் எவ்வளவு இருந்தாலும் பயிருக்கு எட்டாது. ‘வாம்’ என்று விற்கப்படும் இந்த உட்பூசணம், வேருக்குள் வாழ்ந்து பயிருக்கு உதவும் பூஞ்சை. இதன் இழைகள் வேர்த்தூவியைவிட மெல்லியவை. பல சென்டிமீட்டர் தாண்டி, வேர் நுழையாத மண் துளைகளிலும் புகுந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவருகின்றன. வேரின் செல்லுக்குள் அவை குட்டி மரம்போலக் கிளைக்கும். பண்டமாற்று அங்கேதான், பூசணம் தரும் சத்துக்குப் பதில் பயிர் தரும் சர்க்கரை. இழைகள் மண் துகள்களைப் பிணைப்பதால் மண்ணும் பொலபொலப்பாகிறது.

ஆனால் மண்ணில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுந்திருந்தால் பயிர் இந்தக் கூட்டாளியைச் சீண்டாது. அடியுரமாக மணிச்சத்தைக் கொட்டிவிட்டு, கூடவே பூசணத்தையும் போட்டுப் பயனில்லை என்பவர்கள் உண்டு. குறை பூசணத்தில் இல்லை. எனவே முதலில் மண் பரிசோதனை. மேலே தூவுவதும் வீண். விதைக்கு அடியிலோ நாற்றங்கால் மண்ணில் கலந்தோ, வேர் அதைத் தொடும்படி இடுங்கள். வேர்ப்பகுதியில் பூசணக்கொல்லி ஊற்றுவதையும் அடிக்கடி ஆழ உழுவதையும் தவிருங்கள். முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட் பயிரிடுகிறீர்கள் என்றால் வாங்கவே வேண்டாம்; அவற்றின் வேர்கள் இதனோடு கூட்டுச் சேர்வதில்லை.